விருந்தாளிக்குப் பூட்டு அவமானமா?

நாலு நாள் தங்கிப் போக வந்த உறவுக்காரர் ஒரு துண்டு எடுக்கலாமென்று பீரோவின் கைப்பிடியைத் திருகுகிறார். அது அசையவில்லை. சமையலறையிலிருந்து வீட்டுக்காரம்மா விரைந்து வந்து, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, துண்டைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் பூட்டுகிறார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஊர் திரும்பியதும் மூன்று வேளையும் போட்ட சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. "நாம என்ன தூக்கிக்கிட்டா போயிடப் போறோம்?" என்கிற ஒரு கேள்விதான் மிஞ்சுகிறது. இந்தக் கோபத்தை அற்பமென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. விருந்தோம்பலுக்கென்று குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்லும் தைத்திரீய உபநிடத வாசகம் சுற்றுலாத் துறை விளம்பரம் வரை வந்துவிட்டது. வந்தவர் தெய்வம் என்றால் தெய்வத்தின் முன்னால் யாராவது பூட்டுப் போடுவார்களா, சோற்றைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையைக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்வது எப்படி உபசாரமாகும் என்பதே அந்த முறைப்பாட்டின் சாரம். (தெய்வத்தின் முன்னால் பூட்டுப் போடுவதுண்டு. எந்தக் கோயிலிலும் உண்டியல் மூலவரின் கண்ணெதிரில்தான் பூட்டிக் கிடக்கிறது. அது நிற்கட்டும்.) கேள்வி நியாயமானது. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, "காலம் கெட்டுப்போச்சு, யாரையும் நம்ப முடியலை" என்பது, மிக மோசமான விடை. அது விருந்தாளியின் சந்தேகத்தை உறுதிதான் செய்கிறது. பூட்டுக்கு அதைவிட நல்ல நியாயம் உண்டு. விருந்தாளி யோக்கியரா இல்லையா என்பதற்கும் அந்த நியாயத்துக்கும் தொடர்பே இல்லை.

அந்தப் பீரோவுக்குள் என்னதான் இருக்கிறது? கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. ட்ரங்குப் பெட்டியும் மரப்பெட்டியும் பார்த்துவந்த வேலையை மெல்ல மெல்ல அது எடுத்துக்கொண்டது. இன்று ஊருக்கு ஊர் பட்டறைகளில் அடித்து, வண்ணம் பூசி, கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்து விற்கிறார்கள். மேல்தட்டில் அந்துருண்டை வாசத்தோடு பட்டுப்புடவைகள். நடுவில் தனிச் சாவியோடு ஓர் உள்ளறை, லாக்கர் என்போம். விருந்தாளியின் கற்பனையில் அந்த லாக்கருக்குள் தங்கம் மின்னுகிறது. எத்தனையோ நடுத்தர வீடுகளில் அங்கே இருப்பது நகைக்கடை கொடுத்த சிவப்பு டப்பா, டப்பாவுக்குள் நகை இருக்க வேண்டிய இடத்தில் நாலாக மடித்த அடகுச் சீட்டு. கூடவே வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ், ஏனென்றால் அசல் வங்கியில் இருக்கிறது. இரண்டு முறை தட்டிப்போன வரனுக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மகளின் ஜாதகம். மாமனாரின் ஸ்கேன் ரிப்போர்ட். பக்கத்து வீட்டு அம்மா கணவனுக்குத் தெரியாமல் சேர்த்து, "உங்ககிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்து வைத்த சீட்டுப் பணம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பூட்டி வைத்திருப்பது பெரும்பாலும் இருப்பு அல்ல, இல்லாமை என்று தெரியும். அதோடு, அதில் பாதி வீட்டுக்காரருடையதே அல்ல. திருடனுக்குப் பயனில்லாத பொருள் பல அதற்குள் இருக்கின்றன. அந்த அடகுச் சீட்டை யாரும் எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. பார்த்துவிடுவார்கள் என்பதுதான் பயம். பார்த்த கண்ணை அதற்குப் பிறகு பாராத கண்ணாக மாற்ற எந்த நம்பிக்கையாலும் முடியாது. எனவே "நான் எடுப்பேனா?" என்ற கேள்விக்கு "மாட்டீர்கள்" என்று மனதாரச் சொல்லிவிட்டே பீரோவைப் பூட்டலாம். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

பெருந்தன்மை தன் பொருளில்தான் செல்லும். கொடுப்பவனுக்கு உரிமையானதை மட்டுமே அவன் கொடுக்க முடியும். உடைமை எல்லாம் பொதுவானால் ஈகை என்ற குணமே செயல்பட இடமில்லாமல் போகும் என்று அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலின் இரண்டாம் பகுதியில் பிளேட்டோவுக்கு எதிராக வாதிட்டது இதனால்தான். நம் மரபில் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக வைத்திருப்பவர் சேக்கிழார். பெரிய புராணத்தில் வரும் இரண்டு நாயன்மார்களை எடுத்துக்கொள்ளலாம். திருக்கோவலூர் மெய்ப்பொருளாரிடம் முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வருகிறான். கட்டுக்குள் என்ன என்று மன்னர் சோதிக்கவில்லை. தனியே அவன் முன் பணிந்து, குத்துப்பட்டு விழுகிறார். வெட்ட ஓங்கிய காவலன் தத்தனைத் தடுத்து, வந்தவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொல்கிறார். இயற்பகையாரோ காவிரிப்பூம்பட்டினத்து வணிகர். அடியார் கேட்டால் இல்லை என்னாதவர். அடியார் வேடத்தில் வந்த சிவன் மனைவியைக் கேட்க, அவரையும் கொடுக்கிறார். அந்த அம்மையார் முதலில் கலங்கிப் பிறகு தெளிந்தார் என்று சேக்கிழார் சொல்லாமல் விடவில்லை. முதல் கதையைப் படிக்கும்போது வியப்பு வருகிறது. இரண்டாவதில், பக்தியோடு படிப்பவருக்கும் ஒரு நெருடல் வருகிறது. காரணம் எளிது. மெய்ப்பொருளார் பணயம் வைத்தது தன் உயிரை. இயற்பகையார் கொடுத்ததோ, தன்னைப் போலவே இன்னொரு மனுஷியை. வந்தவர் இறைவன் என்பதால் கதை நல்லபடி முடிகிறது. வருகிறவர் பெரியப்பா மகனாக இருக்கும்போது அந்த உத்தரவாதம் கிடையாது. எல்லாக் கதவையும் விருந்தாளிக்குத் திறந்து வைப்பேன் என்று குடும்பத் தலைவர் மார்தட்டும்போது, திறக்கப்படுவது யாருடைய கதவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. மகளின் ஜாதகமும் பக்கத்து வீட்டம்மாவின் பணமும் அவருடைய தாராளத்தில் அடங்காதவை.

தலைவாசலைத் தாண்டி உள்ளே வருவது ஒன்று, உள்ளே இருப்பதைத் திறப்பது வேறொன்று என்பதை மற்ற மரபுகள் சட்டமாகவே எழுதியிருக்கின்றன. குர்ஆனின் இருபத்து நான்காம் அத்தியாயமான அந்நூர், பிறர் வீட்டில் சலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையக் கூடாது என்கிறது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும், அதில் மனவருத்தத்துக்கு இடமில்லை. அதே அத்தியாயம் வீட்டுக்குள்ளேயும் போகிறது. வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும்போது, இரவுத் தொழுகைக்குப் பின் என்று மூன்று வேளைகளில் பணியாளர்களும் சிறு பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அறுபத்தோராம் வசனம். யார் யார் வீட்டில் தயக்கமில்லாமல் உண்ணலாம் என்று தகப்பன், தாய், சகோதரர், மாமன், அத்தை என வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, எந்த வீட்டின் சாவி உங்கள் பொறுப்பில் இருக்கிறதோ அந்த வீட்டிலும் உண்ணலாம் என்கிறது. போருக்குப் போனவர்கள் ஊரில் தங்கியவர்களிடம் வீட்டுச் சாவியை ஒப்படைத்துப் போனார்கள், சாவி வைத்திருந்தவர்களோ உண்ணத் தயங்கினார்கள் என்று விரிவுரைகள் பின்னணி தருகின்றன. கையில் சாவி இருந்தும் தயங்கிய மனிதர்கள்! அந்தத் தயக்கம் இருந்ததால்தான் அவர்களிடம் சாவி கொடுக்க முடிந்தது. விவிலியத்தின் உபாகமம் இருபத்து நான்காம் அதிகாரம் இன்னும் கடுமையான இடத்தில் கோடு கிழிக்கிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் போகக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடனாளியே எடுத்து வந்து கொடுப்பான். பொருளின் மேல் உரிமை இருப்பவனுக்கே வீட்டுக்குள் கைவிட உரிமை இல்லையென்றால், அன்பை மட்டும் உரிமையாகக் கொண்டு வருகிறவருக்கு எப்படி வரும்?

இதுவரை சொன்னது வீட்டார் பக்கத்து நியாயம். விருந்தாளி பக்கத்திலிருந்து பார்த்தால் பூட்டுக்கு இன்னும் பலமான காரணம் கிடைக்கிறது. எல்லாம் திறந்து கிடக்கிற வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவர் யாராகவும் இருக்கலாம், வைத்தவரே இடம் மறந்திருக்கலாம். சந்தேகம் மட்டும் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழாது. வேலைக்கு வரும் அம்மா மேல் முதலில் விழும். பிறகு விருந்தாளிகளில் யார் ஏழையோ, யாருக்குப் பேசிச் சமாளிக்கத் தெரியாதோ அவர் மேல். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் முழுக்க நிற்பது இதில்தான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைக்கு வந்துபோகிற பொற்கொல்லன், ஊரறிந்த ஆள். மாட்டிக்கொண்டவனோ புகாரிலிருந்து வந்து மாதரி வீட்டில் விருந்தாக இறங்கியிருந்த கோவலன். அவன் யாரென்று சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை. பூட்டிய பெட்டி கோவலனைக் காப்பாற்றியிருக்குமா என்று தெரியாது. ஆனால் பொருள் தொலைகிற இடத்தில் புதியவன்தான் முதலில் குற்றவாளி என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன தமிழ்க் கதை இல்லை. பூட்டிய பீரோ இந்தச் சந்தேகத்துக்கு வாய்ப்பே தராமல் செய்கிறது. யாரும் தொட முடியாதிருந்த ஒன்றைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊர் திரும்பும் அத்தையின் பையைப் பார்த்து யாரும் மனதுக்குள் கணக்குப் போட வேண்டியதில்லை. வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விருந்தாளிக்காவது கோபித்துக்கொண்டு வராமலிருக்க முடியும். அவர்கள் மறுநாள் காலையும் வந்தாக வேண்டும்.

பூட்டே இல்லாத வாழ்க்கை உயர்ந்ததில்லையா என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கனவுக்கு நல்ல பரம்பரை உண்டு. பிளேட்டோவின் 'குடியரசு' மூன்றாம் பகுதியின் முடிவில், காவலர் வர்க்கத்தில் யாருக்கும் மற்றவர் விருப்பப்படி நுழைய முடியாத வீடோ களஞ்சியமோ இருக்கக் கூடாது என்று சாக்ரடீஸ் விதிக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவுமட விதிகளும் துறவிக்குச் சொந்தம் என்று எதையும் விடவில்லை. ஆனால் அடுத்து என்ன வருகிறது என்பதையும் படிக்க வேண்டும். யாரும் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று மடாதிபதி அடிக்கடி படுக்கைகளைச் சோதிக்க வேண்டும் என்கிறது அதே விதிநூல். பூட்டு போன இடத்தில் சோதனை வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொன்றும் உண்டு. வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்லும் அந்த விதிநூல்தான் விருந்தினருக்குத் தனிச் சமையலறையும் வைக்கச் சொல்கிறது, வாசலில் விவரம் தெரிந்த முதியவர் ஒருவரையும் உட்கார வைக்கிறது. விருந்தாளியைக் கிறிஸ்துவாகக் கண்டவர்களுக்கே எல்லை தேவைப்பட்டது. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் சனி சிங்கணாப்பூரைக் காட்டுவார்கள். அங்கே வீடுகளுக்குக் கதவில்லை, பூட்டில்லை, திருடினால் சனி பகவான் தண்டிப்பார் என்பது நம்பிக்கை. நல்ல ஊர்தான். ஆனால் அங்கே பூட்டு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊரின் நடுவில் கருங்கல்லாக நிற்கும் சனியே பூட்டு, அதுவும் எல்லோர் மனத்திலும் பயமாகத் தொங்கும் பூட்டு. 2011-இல் யூகோ வங்கி அந்த ஊரில் பூட்டில்லாக் கிளை என்று ஒன்றைத் திறந்தபோது, ஊர் மரபை மதித்து வழக்கமான பூட்டைத் தவிர்த்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத மின்காந்தப் பூட்டை வைத்துக்கொண்டது. அடுத்தவர் பணத்துக்குப் பொறுப்பு என்று வந்தவுடன் வங்கிக்கும் வேறு வழி தெரியவில்லை.

இவற்றையெல்லாம் விட வலுவான எதிர்வாதம் விக்தோர் ஹ்யூகோவின் நாவலில் இருக்கிறது. சுத்தானந்த பாரதியின் 'ஏழை படும் பாடு' வழியாகவும், அதே பெயரில் 1950-இல் வந்த படத்தின் வழியாகவும் தமிழருக்குப் பழக்கமான கதை. சிறை மீண்ட ழான் வால்ழானுக்கு ஆயர் படுக்கை கொடுக்கிறார். வெள்ளிக் கரண்டிகள் இருந்த அலமாரியில் சாவி அப்படியே தொங்குகிறது. வால்ழான் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். பிடித்து வந்த காவலர்களிடம், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லி, விட்டுப்போன மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார் ஆயர். ஒரு திறந்த அலமாரி ஒரு மனிதனை மீட்டது. பூட்டியிருந்தால் அந்த மீட்பு நடந்திருக்காதே? நடந்திருக்காது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயரால் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்த வெள்ளி ஏழைகளுடையது, தான் நெடுநாளாகத் தவறாக வைத்திருந்தோம் என்று அவர் ஏற்கனவே தீர்மானித்துவிட்டது. திறந்த அலமாரி அந்தத் துறவின் விளைவு, காரணமல்ல. துறவாமலே திறந்து வைக்கிறவர், பொருள் போன மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில்தான் நிற்பார், சந்தேகப்படும் பெயர்களைச் சொல்லிக்கொண்டு. இழக்கத் தயாராக இருப்பவர் திறந்து வைக்கட்டும், அது பெரிய மனசு. இழந்தால் பொறுக்க மாட்டோம் என்று தெரிந்தவர் திறந்து வைப்பது விருந்தாளியைப் பரீட்சைக்கு உட்படுத்துவது. அந்த வீட்டில் ஆயரோடு அவருடைய தங்கையும் வயதான பணிப்பெண்ணும் இருந்தார்கள் என்பதையும், கதவைத் தாழிடச் சொல்லி அவர்கள் கவலைப்பட்டார்கள் என்பதையும் நாவலை வியந்து சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, உண்மையிலேயே அவமானப்படுத்தும் பூட்டுகள் இருக்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. தங்கை குடும்பம் வரும்போது திறந்திருந்து, தம்பி மனைவியின் சொந்தங்கள் வரும்போது மட்டும் பூட்டிக்கொள்கிற பீரோ பேசுகிறது, வாய் திறந்து திட்டியதைப் போலவே பேசுகிறது. சாதி பார்த்துத் தனி டம்ளர் எடுத்து வைக்கும் வீட்டில் பூட்டு அந்த டம்ளரின் அண்ணன்தான். மருமகள் ஒரு கை சர்க்கரை கூடுதலாகப் போட்டுவிடுவாள் என்று ஸ்டோர் ரூமுக்குச் சாவி போட்டு இடுப்பில் செருகிக்கொண்ட மாமியார்கள் எத்தனையோ பேர். கிரேக்கச் சிந்தனையாளர் தியோப்ராஸ்டஸ் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தேகப் பிராணி ஒருவனை வரைந்திருக்கிறார். படுத்த பிறகு, பெட்டியைப் பூட்டினாயா என்று மனைவியைக் கேட்பான். பூட்டினேன் என்று அவள் சொன்னாலும் வெறும் உடம்போடு எழுந்து, விளக்கை ஏற்றிக்கொண்டு, வீடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவான். இவனுடைய பூட்டை நான் காக்க வரவில்லை. வேறுபாடு எங்கே என்றால், ஆளைப் பார்த்துப் போடாத பூட்டு ஆளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நீங்கள் வருவதற்கு முன்பும் பூட்டியிருந்தது, போன பிறகும் பூட்டியிருக்கும், வீட்டுப் பிள்ளைக்கும் அதே பூட்டு என்றால் அதில் கோபிக்க என்ன இருக்கிறது? வந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற சாவிதான் அவமதிப்பு. முதல் பத்தியில் வந்த வீட்டுக்காரம்மாவிடம் ஒரு குறை சொல்லலாம் என்றால், துண்டை முன்பே எடுத்து வெளியே வைக்காததுதான். தங்க வருகிறவருக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்து எடுத்து வைத்துவிட்டால், அவர் கை பூட்டிய கதவை நோக்கிப் போகவே நேராது.

விருந்தாளியின் கோபத்தில் விநோதம் ஒன்றும் உண்டு. கோபிப்பவர் கையிலும் ஒரு சூட்கேஸ் இருக்கிறது. அதில் மூன்று எண் பூட்டு, எண் அவருக்கு மட்டும் தெரியும். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் வீட்டார் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால், வீட்டுப் பீரோவுக்கும் அதே மரியாதை பொருந்தும் என்பது புரியும். புரிந்தும் உறைக்காததற்குக் காரணம், தனிமை என்பது குடும்பம் என்ற மொத்தத்துக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல என்ற நம் பழக்கம். குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு கூடாது என்போம். விருந்தாளியும் "நாங்க என்ன வேத்தாளா?" என்று அதே உரிமையில்தான் கேட்கிறார். ஆனால் அந்தரங்கம் தனி மனிதரின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்பே, 1985-இல், பிரதிபா ராணி வழக்கில், சீதனம் புகுந்த வீட்டுக்குள் வந்துவிட்டதால் மட்டும் அது கணவன் வீட்டாருக்குப் பொதுச்சொத்து ஆகிவிடாது, பெண்ணுக்கே உரியது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்தது, சாவி கை மாறியதா என்பது வேறு கதை. அந்தப் பீரோவே தன் சீதனமாக வந்தது என்றபோதும், சாவி மாமியார் இடுப்பில் இருந்த பெண்களுக்கு விருந்தாளியின் முகச்சுளிப்பு பெரிய விஷயமாகத் தெரியாது. தனக்கென்று பூட்ட ஓர் இழுப்பறை கிடைக்குமா என்பதே அவர்களுக்குக் கேள்வி. வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுத வந்த பெண்ணுக்குத் தனி அறை கேட்டபோது கதவில் பூட்டையும் சேர்த்துக் கேட்டது காரணமில்லாமல் அல்ல.

எனவே விருந்தாளிக்காகப் பீரோவைத் திறந்து வைப்பதற்குப் பதில், பூட்டும் வசதியை அவருக்கும் தரலாம். தங்க வருகிறவருக்கு ஒரு தட்டைக் காலி செய்து, அதன் சாவியையும் கையில் கொடுத்துப் பார்க்கலாம். மாத்திரைகளை, கூந்தல் சவுரியை, மகனுக்குத் தெரியாமல் மகளுக்குக் கொண்டுவந்த பணத்தை வைத்துக்கொள்ள அவருக்கும் இடம் வேண்டுமே. இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் காலித் தட்டுக்கு எங்கே போவது என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். அங்கே அவர் சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்க இடம் ஒதுக்கி, பெருக்கும்போதுகூட அதை நகர்த்தாதே என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தால் போதும்.